கடற்கொள்ளை விளையாட்டும் கரும்புத் தோட்டமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கடற்கொள்ளையர் விளையாட்டு. கணினியிலும், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் கருவியிலும் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்களே, பாய்மரக் கப்பல் ஓட்டி, பீரங்கி சுட்டு, அடுத்தவன் கப்பலிலுள்ள சரக்கைப் பறிக்கும் விளையாட்டு, அதைத்தான் சொல்கிறேன். 'பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா?' என்று பெரியவர்கள் சிலர் நினைக்கக்கூடும். காரணம் இருக்கிறது. அந்த விளையாட்டில் அதிகமாகப் பறிக்கப்படும் சரக்குகளில் ஒன்று சீனி. அந்தச் சீனி எங்கிருந்து வந்தது? ஒரு தோட்டத்திலிருந்து வந்தது. தோட்டம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு நாம் சும்மா இருக்க முடியுமா?

இவ்விளையாட்டைப் பார்த்திராத தாய்மார்களுக்காக முதலில் அது எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு நீலக் கடல் தெரியும். நடுவே ஒரு கப்பல். அதை ஓட்டுகிறவன் உங்கள் பிள்ளை. பாயை விரிப்பதும் சுருட்டுவதும், சுக்கானைத் திருப்புவதும், பீரங்கிக்கு உத்தரவு கொடுப்பதும் அவன் கைவிரல்தான். தூரத்தில் இன்னொரு கப்பல் வரும். அதைத் துரத்திப் பிடித்து, சுட்டு அடக்கி, ஏறிக் குதித்துச் சரக்கை எடுத்துக்கொண்டால் வெற்றி. அந்தச் சரக்கைத் துறைமுகத்தில் விற்றுத் தன் கப்பலுக்குப் புதுப் பாயும் கூடுதல் பீரங்கியும் வாங்கலாம். பிறகு அடுத்த கப்பல். இப்படியே பொழுது போய்விடும். சாப்பிடக் கூப்பிட்டால் 'இதோ, இந்த ஒரு கப்பல் மட்டும்' என்பான்.

இந்த வகை விளையாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனம் 'பைரட்ஸ்!' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை அமைத்தவர் சிட் மையர். களம் கரிபியன் கடல். 1560 முதல் 1680 வரை ஆறு காலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலேயனாகவோ, பிரெஞ்சுக்காரனாகவோ, டச்சுக்காரனாகவோ, ஸ்பானியனாகவோ கடலில் இறங்கலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, கப்பல் தலைவனுக்கு வயதாகிறது. நாளாக ஆக உடல் தளரும், கை வேகம் குறையும், ஒரு நாள் ஓய்வு பெற்றே ஆகவேண்டும். கூட்டாளிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நெடுங்காலம் இழுத்தடித்தால் ஆட்கள் முறைத்துக்கொண்டு கலகம் செய்வார்கள். கூலி நிலுவையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்த விளையாட்டுகளிலிருந்து பிள்ளைகள் ஒன்றுமே கற்பதில்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கில்லை. காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கரிபியன் கடலில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து காற்று வீசும். நம் முன்னோர் கொண்டல் என்று சொன்னார்களே, அந்தக் கீழ்க்காற்று. ஆகவே அங்கே மேற்கே போவது எளிது, கிழக்கே திரும்புவது கடினம். அந்த 1987ஆம் ஆண்டு விளையாட்டிலும் அப்படியேதான். மேற்கே சில நாட்களில் போன தூரத்தைக் கிழக்கே கடக்கப் பல நாட்கள் பிடிக்கும். அதற்குள் கப்பலில் சோறு தீர்ந்துவிடும். பாய்மரக் கப்பல் காற்றை நேருக்கு நேர் எதிர்த்து ஓடாது. சற்று இடப்பக்கம் சாய்ந்து, பிறகு வலப்பக்கம் சாய்ந்து, இப்படி வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். மேட்டுக் காட்டில் பால் வாளியைச் சுமந்து ஏறுகிறவர் நெட்டுக்குத்தாக ஏறமாட்டார். சாய்ந்த பாதையில் இப்படியும் அப்படியும் திரும்பித்தான் ஏறுவார். அதே கணக்குத்தான் இது. அகலப் பாய் கட்டிய பெரிய கப்பலைவிட, நீள்வாக்கில் பாய் கட்டிய சிறு கப்பல் காற்றுக்கு நெருக்கமாக ஓடும். கொள்ளையர்கள் சிறு கப்பல்களை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பீரங்கியும் அப்படித்தான். பீரங்கிகள் கப்பலின் இரு பக்கவாட்டிலும் வரிசையாக இருந்தன. எதிரியை நோக்கி நேரே பாய்ந்துகொண்டே சுட முடியாது. கப்பலைத் திருப்பி விலாவைக் காட்டித்தான் சுட வேண்டும். இரும்புக் குண்டு கப்பலின் உடலைத் துளைக்கும். சங்கிலியால் பிணைத்த இரட்டைக் குண்டு பாயையும் கயிற்றையும் அறுக்கும். சிறு குண்டுகளைக் கொத்தாகப் போட்டுச் சுடுவது ஆட்களைக் கொல்வதற்கு. இவையெல்லாம் உண்மை, விளையாட்டுகளிலும் வருகின்றன. பிசகுவது நேரத்தில்தான். உண்மையில் ஒரு பீரங்கியைத் துடைத்து, மருந்து கெட்டித்து, குண்டு தள்ளி, கயிற்றால் இழுத்து முன்னே நிறுத்தப் பல பேர் சேர்ந்து பாடுபட வேண்டும். திரையில் பிள்ளை மூச்சு விடுவதற்குள் அடுத்த வெடி தயாராகிவிடுகிறது.

2018ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் 'சீ ஆஃப் தீவ்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. நான்கு பேர் சேர்ந்து ஒரு கப்பலை ஓட்டுவது அது. ஒருவன் சுக்கான் பிடிப்பான். ஆனால் பாய் மறைப்பதால் முன்னே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. இன்னொருவன் பார்த்துச் சொல்ல வேண்டும். கப்பலில் ஓட்டை விழுந்தால் ஒருவன் பலகை அடிக்க, மற்றவன் வாளியால் தண்ணீர் இறைக்க வேண்டும். நான்கு பேரும் தலைவனாக ஆசைப்பட்டால் கப்பல் மூழ்கும். ஐரோப்பியத் தர முத்திரைப்படி இது 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. அடுத்து நான் சொல்லப்போகும் 'பிளாக் ஃப்ளாக்' 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. பெட்டியின் மேலேயே அந்த எண் அச்சிட்டிருக்கும். பத்து வயதுப் பையன் கையில் அது இருந்தால் வாங்கிக் கொடுத்த அண்ணனையோ மாமனையோ கேளுங்கள். விளையாட்டுக்குள்ளேயே காசு கொடுத்துப் பொருள் வாங்கும் வழிகளும் பலவற்றில் உண்டு. வங்கி அட்டையின் எண்ணைக் கருவியில் பதித்து வைக்காமலிருப்பது நல்லது.

யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டது 'பிளாக் ஃப்ளாக்'. அதன் கடற்போர்ப் பகுதியில் சிங்கப்பூரிலுள்ள அந்நிறுவனத்தின் கூடத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் கூடம் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்ற விளையாட்டை முன்னின்று செய்ததும் அதே கூடம்தான். அதன் களம் கரிபியனை விட்டு நகர்ந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையும் நம் பக்கத்துக் கிழக்கிந்தியத் தீவுகளுமாக இருக்கிறது. ஆக, இது எங்கோ வெள்ளைக்காரன் நாட்டு விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். கடலுக்கு அப்பால் ஜொகூரிலிருந்து பார்த்தால் தெரியும் ஊரில் உட்கார்ந்து செய்ததுதான்.

கடற்கொள்ளை என்பதும் பழங்கதை ஆகிவிடவில்லை. உலகெங்கும் நடக்கும் கடற்கொள்ளைகளைப் பற்றிய தகவலைப் பெற்று எச்சரிக்கை கொடுக்கும் நிலையம் ஒன்று 1992ஆம் ஆண்டிலிருந்து கோலாலம்பூரில் இயங்கி வருகிறது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் ஏடன் வளைகுடாப் பக்கம் மலேசியக் கப்பலான 'புங்கா லாரல்' சோமாலியக் கொள்ளையரிடம் அகப்பட்டபோது, நம் கடற்படை வீரர்கள் ஏறிச் சென்று 23 மாலுமிகளையும் மீட்டார்கள். பிடிபட்ட கப்பலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் ஒளிந்திருப்பவன் மாதச் சம்பளத்துக்கு வந்த மாலுமி. விளையாட்டில் அவனுக்கு முகம் கிடையாது.

இனி அந்தப் பழைய கரிபியன் கடலுக்கே திரும்புவோம். விளையாட்டுகளும் சினிமாப் படங்களும் காட்டும் கொள்ளையன் எந்நேரமும் சண்டை போடுகிறான், தீவில் புதையல் புதைக்கிறான். உண்மைக் கொள்ளையன் சண்டையைத் தவிர்க்கவே பார்த்தான். சரக்குக் கப்பலில் ஆட்கள் சொற்பம். கொள்ளையர் கப்பலில் நூறு பேர் நெருக்கியடித்து நின்று கறுப்புக் கொடியை ஏற்றினால், எதிரே இருப்பவன் பயந்து பாயை இறக்கிவிடுவான். சுட்டுத் துளைத்துவிட்டால் கப்பலும் போயிற்று, சரக்கும் போயிற்று. புதையல் விஷயமும் பெரும்பாலும் கதைதான். ஸ்டீவன்சன் எழுதி 1883ஆம் ஆண்டில் புத்தகமாக வந்த 'டிரஷர் ஐலண்ட்' நாவல்தான் அந்த எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. கையில் கிடைத்த காசை அவர்கள் பெரும்பாலும் குடித்தும் சூதாடியும் தொலைத்தார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காலத்துச் சரக்குக் கப்பல் தலைவர்கள் மாலுமிகளைச் சவுக்கால் அடித்தார்கள், கூலியைப் பிடித்தார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள். கொள்ளையர் கப்பலிலோ தலைவனை ஆட்களே கூடித் தேர்ந்தெடுத்தார்கள், பிடிக்காவிட்டால் இறக்கினார்கள். பங்கு எவ்வளவு என்பது புறப்படுமுன்பே எழுத்தில் ஒப்பந்தமாயிற்று. அதைக் காட்டிலும் வியப்பான ஒரு செய்தியை எக்ஸ்கெமெலின் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் கொள்ளையரோடு கடலில் போன வைத்தியர். அவருடைய புத்தகம் 1678ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் டச்சு மொழியில் வெளிவந்தது. சண்டையில் உறுப்பு இழந்தவனுக்கு என்ன நஷ்ட ஈடு என்று அதில் ஒரு கணக்கு இருக்கிறது. வலக்கை போனால் 600 ஸ்பானிய வெள்ளி. இடக்கை போனால் 500. வலக்கால் 500, இடக்கால் 400. ஒரு கண் போனால் 100, ஒரு விரல் போனாலும் 100. கொள்ளையில் கிடைத்ததைப் பங்கு பிரிக்குமுன்பே இது எடுத்து வைக்கப்பட வேண்டும்.

நம் நாட்டுத் தொழிலாளிக்கு 'சொக்சோ' வந்தது 1971ஆம் ஆண்டில். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கடற்கொள்ளையன் இதை யோசித்திருக்கிறான் என்று கேட்டால் கைதட்டத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். அந்தக் கணக்கின் மறுபாதியை நான் இன்னும் படிக்கவில்லை. வலக்கை போனால் 600 வெள்ளி, அல்லது ஆறு அடிமைகள். இடக்கை போனால் 500 வெள்ளி, அல்லது ஐந்து அடிமைகள். இடக்காலுக்கு நான்கு அடிமைகள். ஒரு கண்ணுக்கு ஓர் அடிமை. சுண்டு விரலுக்கும் ஓர் அடிமை.

ஒரு விரலுக்கு ஒரு முழு மனிதர். கப்பலின் மேல்தட்டில் எல்லாரும் சமம், எல்லாருக்கும் ஓட்டு, எல்லாருக்கும் நஷ்ட ஈடு. அந்த ஈட்டைக் கொடுக்கும் நாணயமே இன்னொரு மனிதர் உடம்பு.

அந்த அடிமைகள் யார், எங்கே போனார்கள் என்று கேட்டால் விடை சீனியில் இருக்கிறது. அட்லாண்டிக் கடலைக் கடத்தி விற்பதற்காக ஆப்பிரிக்காவில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் கொண்டுபோகப்பட்டது கரும்பு விளைந்த நாடுகளுக்கு. கரும்பை வெட்டிய பிறகு வைத்திருக்க முடியாது. ஓரிரு நாளுக்குள் பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். பால் உறைவதற்குள் ஸ்டோருக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம் பால்மரம் வெட்டிய நமக்குத் தெரியும். அங்கே அது இரவும் பகலும் நீண்ட அவசரம். அறுவடைக் காலத்தில் ஆலை நிற்கவே நிற்காது. தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் கரும்பைத் தள்ளுகிறவர் கை விரலோடு போய்விடும். உருளையை உடனே நிறுத்த முடியாது. ஆகவே கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற ஒரு கோடரியை அருகிலேயே வைத்திருந்தார்கள். அந்தக் கைக்கு 600 வெள்ளி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சாற்றைக் காய்ச்சுமிடத்தில் கொதிக்கும் பாகு தெறித்தால் வெந்த உடம்போடுதான் மறுநாள் வேலை. சீனி எடுத்த பிறகு மிஞ்சும் கரும்பாகிலிருந்து ரம் சாராயம் வடித்தார்கள்.

இந்தச் சீனியும் ரம்மும்தான் 'பிளாக் ஃப்ளாக்' விளையாட்டில் முக்கியச் சரக்கு. தொலைநோக்கியை எடுத்துத் தூரத்துக் கப்பலைப் பார்த்தால், அதில் எவ்வளவு சீனி, எவ்வளவு ரம் என்று எண்களாகவே திரையில் தெரியும். எண் பெரிதாக இருந்தால் துரத்தலாம். தரையிலும் கொள்ளை உண்டு. தோட்டத்துக்குள் பதுங்கிப் போய், காவற்காரனிடமிருந்து சாவியை எடுத்து, பண்டகசாலையைத் திறந்தால் அத்தனை மூட்டையும் உங்களுடையது. ஒரு நாள் என் வகுப்புப் பையன் ஒருவன் 'சார், ஒரே தோட்டத்தில் அவ்வளவு சீனி எடுத்தேன்!' என்று பெருமையாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை கேட்டாள், 'அதை வெட்டினவங்க எங்கேடா?' அவனுக்குப் பதில் தெரியவில்லை. அவன் கண்ணெல்லாம் சாவி வைத்திருக்கும் ஆள் மேல் இருந்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை, திரையில் தோட்டத்துக்குள் நுழைகிறான், வேலை செய்கிறவரைப் பார்க்காமல் பண்டகசாலையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறான். அவனைக் குறை சொல்லவில்லை. விளையாட்டு அப்படித்தான் அவன் கண்ணைத் திருப்பி வைக்கிறது.

இந்தக் குறை விளையாட்டைச் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதே 2013ஆம் ஆண்டின் கடைசியில் 'ஃப்ரீடம் க்ரை' என்ற இணைப்பை வெளியிட்டார்கள். அதன் நாயகன் அடேவாலே, தோட்டத்தில் அடிமையாக வளர்ந்து தப்பியவன். களம் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சான் டொமிங்கு, அதாவது இன்றைய ஹைத்தி. அங்கே தோட்டத்துக்குள் போவது சீனி எடுக்க இல்லை, ஆட்களை விடுவிக்க. அவன் காவற்காரர் கண்ணில் பட்டுவிட்டால் அவர்கள் அங்குள்ள அடிமைகளைக் கொல்லத் தொடங்கிவிடுவார்கள். விளையாடுகிறவன் மனம் பதறும். மற்றப் பகுதிகளைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். ஆயினும் ஓர் உறுத்தல் இருக்கிறது. இத்தனை பேரை விடுவித்தால் இன்ன ஆயுதம் கிடைக்கும் என்று அங்கேயும் கணக்கு வைத்திருக்கிறார்கள். விடுதலையானவரும் கடைசியில் எண்ணாகிவிடுகிறார். (இடையில் ஒன்று, கதை நடப்பது 1730களில். அதில் காட்டப்படும் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரம் நிறுவப்பட்டதோ 1749ஆம் ஆண்டில். வரலாறு படிக்கும் பிள்ளைகள் கவனிக்க.) உண்மையில் அந்த நாட்டு அடிமைகள் எந்த நாயகனும் கப்பலில் வந்து இறங்கக் காத்திருக்கவில்லை. 1791ஆம் ஆண்டில் கரும்புத் தோட்டங்களிலிருந்தே கிளர்ந்தெழுந்தார்கள். 1804ஆம் ஆண்டில் ஹைத்தி சுதந்திர நாடாயிற்று.

சரி, உண்மைக் கொள்ளையர்கள் அடிமைக் கப்பலைப் பிடித்தபோது என்ன செய்தார்கள்? பிளாக்பியர்ட் என்ற பெயரைப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். தாடிக்காரன், விளையாட்டுகளிலும் வருகிறான். அவனுடைய பெரிய கப்பலின் பழைய பெயர் 'லா கன்கோர்ட்'. அது பிரெஞ்சு அடிமைக் கப்பல். ஆப்பிரிக்காவிலிருந்து 516 பேரை ஏற்றிப் புறப்பட்டு, வழியிலேயே 61 பேரைச் சாகக் கொடுத்த நிலையில் 1717ஆம் ஆண்டு நவம்பரில் அவனிடம் சிக்கிற்று. கப்பலை அவன் எடுத்துக்கொண்டு பெயர் மாற்றினான். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோரைப் பெக்கியா என்ற தீவில் இறக்கிவிட்டு, பிரெஞ்சு மாலுமிகளுக்கு ஒரு சிறு கப்பலும் கொடுத்தான். அவர்கள் அந்தச் சிறு கப்பலில் இரண்டு தடவையாக அந்த மக்களை ஏற்றிக்கொண்டுபோய் மார்த்தினிக் தீவில் விற்றார்கள். கொள்ளையனுக்கு வேண்டியது கப்பல். சங்கிலியை அவிழ்ப்பது அவன் வேலையாக இருக்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி அவன் சண்டையில் செத்தான்.

கொள்ளையர் கப்பல்களில் கறுப்பின மாலுமிகளும் இருந்தார்கள், சிலர் சரிபங்கும் பெற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பிடிபட்டபோது வித்தியாசம் தெரிந்தது. பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற பெயர்பெற்ற கொள்ளைத் தலைவன் 1722ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கரையோரம் கொல்லப்பட்டான். அவனுடைய வெள்ளைக்காரக் கூட்டாளிகளை விசாரித்து 52 பேரைத் தூக்கிலிட்டார்கள். கறுப்பர்களுக்கு விசாரணையே இல்லை. அவர்கள் அடிமைச் சந்தைக்குத் திரும்பினார்கள்.

ஹென்றி மார்கன் கதை வேறு மாதிரி. ஸ்பானியர்களின் ஊர்களைச் சூறையாட ஜமைக்காவின் ஆங்கில ஆட்சி அவனுக்கு அனுமதிச் சீட்டே கொடுத்திருந்தது. 1671ஆம் ஆண்டில் பனாமா நகரைக் கொள்ளையடித்தான். 1674ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசன் அவனுக்குச் 'சர்' பட்டம் கொடுத்து ஜமைக்காவின் துணை ஆளுநராக அனுப்பினான். விளையாட்டில் ஓய்வு பெறும் தலைவன் செல்வந்தனாகிப் பெரிய பதவி பெறுவதாக வருகிறதே, அதற்கு முன்மாதிரி இத்தகையவர்கள்தான். விளையாட்டு சொல்லாமல் விடுவது என்னவென்றால், மார்கன் கொள்ளைப் பணத்தில் கரும்புத் தோட்டங்கள் வாங்கினான். 1688ஆம் ஆண்டில் அவன் இறந்தபோது அவனுடைய சொத்துப் பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். கடலில் கொள்ளைக்காரனாகத் தொடங்கி, கரையில் தோட்டத் துரையாக முடித்துக்கொண்டான்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. ஆங்கிலேயர் 1834ஆம் ஆண்டில் ஒழிக்கத் தொடங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1848ஆம் ஆண்டில் ஒழித்தார்கள். கரும்பு மட்டும் ஒழியவில்லை. வெட்ட ஆள் வேண்டுமே! அந்த ஆள் யார் என்பதற்கு நாம் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. மொரீஷியசுக்கும், கயானாவுக்கும், டிரினிடாடுக்கும், ஜமைக்காவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். நம் நாட்டில் ரப்பர் வருவதற்கு முன்னால் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே வெட்டியவர்களில் ஒப்பந்தத்தில் வந்த தமிழர்கள் நிறையப் பேர். மலாயாவுக்கு அந்த ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில்தான் நின்றது. 'எங்கள் பாட்டன் ரப்பருக்கு வரவில்லை, கரும்புக்கு வந்தார்' என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அப்படி ஏதாவது பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பிளாக்பியர்டிடமிருந்து மீண்ட அந்த ஆப்பிரிக்கர்கள் விற்கப்பட்டார்களே, மார்த்தினிக், அந்தத் தீவுக்கும் நம்மவர்கள் போனார்கள். 1853ஆம் ஆண்டு முதல் மார்த்தினிக்குக்கும், 1854ஆம் ஆண்டு முதல் குவாதலூப்புக்கும் பிரெஞ்சுக்காரர்கள் கூலிகளைக் கொண்டுபோனார்கள். முன்னதற்கு ஏறத்தாழ 25,000 பேர், பின்னதற்கு ஏறத்தாழ 42,000 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் மிகுதி. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம், அங்கேயே மாண்டவர்கள் ஏராளம், எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சு பிரெஞ்சும் கிரியோலும் ஆகிவிட்டது. தமிழ் பூசைப் பாட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கும்பிடும் தெய்வத்தை 'மாலியேமென்' என்கிறார்கள். நம் மாரியம்மன்தான். அந்தத் தீவுகளில் எல்லா இனத்தாரும் விரும்பிச் சாப்பிடும் கறி ஒன்றுக்குப் பெயர் 'கொலொம்போ'. மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு எல்லாம் அரைத்துச் சேர்த்தது. 1987ஆம் ஆண்டு விளையாட்டின் கடல் வரைபடத்தில் மார்த்தினிக்கும் குவாதலூப்பும் கீழ்க்கோடியில் இரண்டு பிரெஞ்சுத் துறைமுகங்களாக இருக்கின்றன. கீழ்க்காற்றை எதிர்த்து அங்கே போய்ச் சேர நாளாகும் என்பதால் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் போவதில்லை.